ஓடுபாதை மதுரையில், சரக்குக் கூடம் கம்பத்தில்

மதுரை விமான நிலைய விரிவாக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு எண்கள் தவறாமல் வந்துவிடும்: 7,500 அடி, 12,500 அடி. முன்னது இன்றுள்ள ஓடுபாதையின் நீளம். பின்னது அது எட்ட வேண்டிய நீளம். இடையில் உள்ள 5,000 அடியைத் தாண்டப் பதினைந்து ஆண்டுகள் போதவில்லை. 600 ஏக்கருக்கு மேல் நிலம் குறிக்கப்பட்டது, இழப்பீட்டு வழக்குகள் நடந்தன. ஓடுபாதை சாலையைக் கடக்கும் இடத்தில் சாலையைச் சுரங்கப்பாதையாக இறக்குவதா, சுற்றிக் கொண்டுபோவதா என்று மாநில அரசும் விமான நிலைய ஆணையமும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தன. இத்தனை பேச்சிலும் ஒரு மாவட்டத்தின் குரல் அநேகமாகக் கேட்கவே இல்லை. தேனிக்குச் சொந்தமாக விமான நிலையம் கிடையாது. கம்பத்தில் இருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். அந்த ஓடுபாதை நீண்டால் அதிகம் பயன்பெறக்கூடிய தோட்டங்கள் கம்பம் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. ஆனால் ஓடுபாதை நீண்டுவிட்டால் மட்டும் அந்தத் தோட்டங்களுக்கு ஒரு பைசா கூடுதலாகக் கிடைக்காது. விரிவாக்கத்தின் சரக்குப் பகுதி விமான நிலையம் இருக்கும் பெருங்குடியில் முடிய வேண்டும், கம்பத்திலும் சின்னமனூரிலும் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காவிட்டால், மதுரைக்குக் கிடைப்பது இன்னொரு பளபளப்பான பயணிகள் கூடமாக மட்டுமே இருக்கும்.

பயணிகள் வசதி வேறு, சரக்கு வசதி வேறு என்று பலரும் பிரித்துப் பேசுகிறார்கள். உலகில் விமானத்தில் போகும் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களில், அவர்களின் காலுக்குக் கீழே உள்ள அறையில் போகிறது. மதுரைக்கு வந்துபோகும் ஒற்றை நடைபாதை விமானங்களில் பயணிகளின் பெட்டிகள் ஏறியபின் மிஞ்சும் இடம் ஒரு சில டன் எடைக்குத்தான் தாங்கும். சிறிய ஏடிஆர் விமானமானால் அதுவும் இல்லை. வளைகுடாவுக்குப் பறக்கும் அகன்ற உடல் விமானம் ஒன்று நிறையப் பயணிகளை ஏற்றிக்கொண்டே 15 முதல் 20 டன் வரை சரக்கும் எடுத்துச் செல்லும். அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஆகவே ஓடுபாதை நீளம், பயணிகள் எண்ணிக்கை, ஒரு கிலோ பாகற்காய்க்கான விமானக் கட்டணம் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. கோழிக்கோடு இதை நன்றாகவே காட்டியது. 2015-ல் ஓடுபாதைச் சீரமைப்புக்காக அங்கே பெரிய விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2018 டிசம்பரில் திரும்பின. 2020 ஆகஸ்ட் 7 அன்று நடந்த விபத்துக்குப் பிறகு மீண்டும் தடை வந்தது. ஒவ்வொரு தடையின்போதும் மலபாரின் காய்கறி ஏற்றுமதியாளர்கள் சரக்கைக் கொச்சிக்குத் திருப்ப வேண்டியிருந்தது. விமானங்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும், அவற்றின் உடல் சுருங்கியதே சரக்கைத் துரத்தப் போதுமானதாக இருந்தது.

மதுரையின் வரலாறு இன்னொரு பாடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் இது. 2010 செப்டம்பரில் புதிய பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. 2012-ல் கொழும்புக்கு விமானம் பறந்தது. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று வளர்ந்தது. 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்கலாம் என்ற அனுமதியும் வந்தது. காகிதத்தில் பார்த்தால் முன்னேற்றம்தான். ஆனால் எந்த வெளிநாட்டு நிறுவனம் எந்த இந்திய நகரத்தில் இறங்கலாம் என்பதை இரு நாட்டு விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் திருச்சியில் தாராளமாக இறங்குகின்றன. மதுரைக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை என்பது தென்மாவட்ட வணிகர்களின் பழைய குறை. இதைத் தீர்க்கச் சிமெண்டும் கம்பியும் தேவையில்லை, டெல்லியில் ஒரு கோப்பு நகர்ந்தால் போதும். நிலம் எடுப்பதைவிட எளிதான இந்த வேலை நிலம் எடுப்பதைப் போலவே இழுத்துக்கொண்டிருப்பது நம் நிர்வாகத்தின் விசித்திரம்.

இப்போது பள்ளத்தாக்குக்கு வருவோம். விமானம் வந்தால் எல்லாம் பறந்துவிடும் என்று மேடையில் பேசுவது சுலபம். எது பறக்கும், எது பறக்காது என்று பார்த்தால்தான் கணக்கு தெளியும். போடிநாயக்கனூர் ஏலக்காய் உலர்ந்த சரக்கு. மாதக்கணக்கில் மூட்டையில் இருந்தாலும் கெடாது; அதற்குக் கப்பலே போதும். சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர்ப் பகுதிகளில் விளையும் ஜி-9 வாழை நிறைய எடை, குறைந்த விலை. விமானத்தில் ஏற்றினால் கட்டணம் பழத்தின் விலையைத் தாண்டிவிடும். அதன் வழி தூத்துக்குடி அல்லது கொச்சித் துறைமுகம், குளிரூட்டிய கன்டெய்னர். உலக வாழை உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் இந்தியாவில் விளைந்தும் உலக வாழை வணிகத்தில் நம் பங்கு சுமார் ஒரு சதவீதம்தான் என்று மத்திய வணிக அமைச்சகமே 2023-ல் சொன்னது. அந்த இடைவெளிக்குக் காரணம் விமானம் இல்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையில் பறக்க வேண்டியவை வேறு: சீலையம்பட்டிச் சந்தைக்கு வரும் பூக்கள், ஆண்டிபட்டிப் பக்கத்து முருங்கைக்காய், பாகல், புடல், வெண்டை போன்ற காய்கள், கறிவேப்பிலை, ஓரளவுக்குப் பெரியகுளம் மாம்பழம். எடை குறைவு, ஆயுள் ஓரிரு நாள், வாங்குபவர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழரும் மலையாளியும். இவைதான் விமானத்தின் சரக்கு.

பன்னீர் திராட்சை இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த ரகம், 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி வரை பந்தல் பந்தலாக நிற்கும் கொடிகளைக் கவாத்து செய்யும் காலத்தை மாற்றி மாற்றி, ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்படி விவசாயிகள் செய்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் சீசன் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மற்ற மாதங்களில் இந்தியாவில் புதுத் திராட்சை வேண்டுமென்றால் கம்பத்தைத் தேட வேண்டும் என்பது பெரிய பலம். பலவீனமும் அதே பழத்துக்குள் இருக்கிறது. தோல் மெல்லியது, சாறு அதிகம், கொட்டை உண்டு, காம்பை விட்டுப் பழம் உதிரும். அறுத்த பழத்தின் சூட்டைச் சில மணி நேரத்துக்குள் இறக்காவிட்டால் காம்பு காய்ந்து பழுப்பாகிவிடும். காம்பு பழுப்பான கொத்தை வெளிநாட்டுக் கடைக்காரர் தொடமாட்டார். தோட்டத்தில் 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் பறித்த பழம் அதே சூட்டோடு மூன்று மணி நேரம் லாரியில் குலுங்கி மதுரை போய்ச் சேர்ந்தால், அங்கே எத்தனை குளிரறை கட்டினாலும் போன உயிர் திரும்பாது.

நாசிக்கைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அந்த மாவட்டத்தில் ஓசரில் 3,000 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. இருந்தும் ஐரோப்பாவுக்குப் போகும் நாசிக் திராட்சையில் பெரும்பகுதி மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. அந்த வணிகத்தைக் கட்டியது ஓடுபாதை அல்ல. 1991-ல் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மகாகிரேப்ஸ் அமைப்பைத் தொடங்கின. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சிப்பம் கட்டும் கூடமும் முன்குளிர்விப்பு அறையும் வந்தன. 2006-ல் மத்திய அரசின் அபேடா நிறுவனம் கிரேப்நெட் என்ற கணினிப் பதிவை ஏற்படுத்தியது. எந்தப் பெட்டி எந்த விவசாயியின் எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது, என்ன மருந்து அடித்தார், ஆய்வகம் என்ன சொன்னது என்பதெல்லாம் அதில் பதிவாகும். அப்படியும் 2010-ல் க்ளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி ஊக்கியின் எச்சம் பழத்தில் இருந்ததாக ஐரோப்பா பழத்தைத் திருப்பியது. விவசாயிகள் பெரும் நட்டப்பட்டார்கள். அடுத்த சீசனில் அந்த வேதிப்பொருளும் சோதனைப் பட்டியலில் ஏறியது. நாசிக் மீண்டும் எழுந்து நின்றதற்குக் காரணம் பதிவும் சோதனையும்தான்.

சோதனை என்றதும் 2014-ஐ நினைவூட்டியாக வேண்டும். அந்த ஆண்டு மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகிய நான்கு காய்களையும் தடை செய்தது. காரணம், பெட்டிகளில் பழ ஈயும் பிற பூச்சிகளும் இருந்தன. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. அந்தக் காய்களில் பாகலும் புடலும் ஒட்டன்சத்திரம் முதல் கம்பம் வரை பந்தலில் தொங்குபவை. அன்று விமானம் இருந்தது, வாங்குபவர் இருந்தார், பணமும் இருந்தது. குறைந்தது தோட்டத்தில் நடக்க வேண்டிய பூச்சிக் கண்காணிப்பும், சிப்பம் கட்டும் இடத்தில் நடக்க வேண்டிய தாவர ஆய்வும்தான். ஏலக்காயிலும் இதே கதை. மருந்து எச்சம் அதிகம் என்று சவூதி அரேபியா சரக்கைத் திருப்பியது ஏலத் தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரியும். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலம் நடக்கிறது, 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும் இந்த வட்டாரம் பார்த்தது. அவ்வளவு விலை போகிற பொருளின் மாதிரி, ஏற்றுமதிக்கு ஏற்கப்படும் ஒரு சோதனை முடிவுக்காக வெளியூர் போய்க் காத்திருப்பது நியாயமாகப் படவில்லை.

வாழையில் நல்ல ஏற்றுமதிக் கூடம் ஒன்று எப்படி இயங்குகிறது என்று நின்று கவனித்தால் நான் சொல்லும் வரிசை கண்முன் தெரியும். தாரை வெட்டியதும் தரையில் படாமல் தோளில் தாங்கிக் கொண்டுவருகிறார்கள். சீப்பாகப் பிரித்து, படிகாரம் கலந்த தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பால் வடியச் செய்கிறார்கள். அடி, கீறல், அளவு குறைந்த காய் எல்லாம் அங்கேயே கழிக்கப்படும். காம்பு வெட்டில் பூசணக்கொல்லி தெளித்து, நெகிழித் தாள் விரித்த அட்டைப்பெட்டியில் 13 கிலோ சொச்சம் அடுக்கி, காற்றை உறிஞ்சி வாய் கட்டி, 13 டிகிரிக்குச் சற்று மேலே குளிரவைக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், மேலே போனால் நடுக்கடலில் பழுத்துவிடும். இத்தனையும் வெட்டிய அன்றே நடக்க வேண்டும். துறைமுகமோ விமான நிலையமோ இதில் எந்த வேலையையும் திரும்பச் செய்ய முடியாது; மூடிய பெட்டியை வாங்கி ஏற்றுவதுதான் அவற்றின் வேலை. சரக்குக் கூடம் கம்பத்தில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

இதைச் செய்து காட்டிய நாடு கென்யா. நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளில் இருந்து நைரோபி விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர், ஏறக்குறைய தேனிக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் உள்ள தூரம். ரோஜா வெட்டிய உடனே பண்ணையின் குளிரறைக்குள் போகிறது. அங்கேயே தரம் பிரித்து, கட்டி, பெட்டியில் அடைத்து, குளிர்வண்டியில் நைரோபி போய், இரவு விமானத்தில் ஏறி நெதர்லாந்தின் பூ ஏலச் சந்தையைச் சேர்கிறது. நைரோபி விமான நிலையம் பெரியதுதான். ஆனால் அது ரோஜாவை உண்டாக்கவில்லை, பண்ணையில் குளிர்ந்த ரோஜாவை ஏற்றியது. ஏரித் தண்ணீரைப் பண்ணைகள் உறிஞ்சுகின்றன, கூலி குறைவு என்று அங்கேயும் குற்றச்சாட்டுகள் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் நாம் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொச்சி இருக்கும்போது மதுரை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1999-ல் திறந்த நெடும்பாசேரி விமான நிலையத்தில் 3,400 மீட்டர் ஓடுபாதையும் வளைகுடாவுக்கு நாள்தோறும் பல விமானங்களும் இருக்கின்றன. தமிழகக் காய்கறி அங்கே ஏறுவது புதிதல்ல. எருமேலி அருகே சபரிமலை விமான நிலையத்துக்கும் 2023 ஏப்ரலில் மத்திய அரசு இடத் தேர்வுக்கான அனுமதி கொடுத்திருக்கிறது. அது வந்தால் கூடலூர்க்காரருக்கு மதுரையைவிடப் பக்கம்கூட ஆகலாம். கொச்சி வழியை அடைக்கச் சொல்லவில்லை. ஒற்றை வழியை நம்புவதன் விலையைப் பள்ளத்தாக்கு ஒருமுறை கொடுத்துவிட்டது என்பதே என் பதில். 2011 நவம்பர், டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றியபோது குமுளிச் சாலை வாரக்கணக்கில் அடைபட்டது. கேரளச் சந்தையையே நம்பிய திராட்சையும் காய்கறியும் தோட்டத்தில் தேங்கின. 2020 பொது முடக்கத்தில் எல்லைச் சோதனைச்சாவடி மறுபடியும் இறுகியது. மழைக்காலத்தில் போடிமெட்டு, குமுளி மலைச்சாலைகளில் மண் சரிவதும் வாடிக்கை. வாங்குபவர் ஒரே பக்கம் இருந்தால் விலையையும் அவரே சொல்வார். கிழக்கே இன்னொரு வாசல் திறந்திருந்தால், மேற்கே விலை பேசும்போது விவசாயியின் குரல் கொஞ்சம் உயரும்.

அடுத்த ஆட்சேபணை தூத்துக்குடியைக் காட்டுகிறது. 2025 ஜூலை 26 அன்று அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. திருச்சியிலும் 2024 ஜனவரி 2 அன்று 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட முனையம் திறந்தது. தெற்கே இத்தனை இருக்க மதுரையில் ஏன் இன்னொரு செலவு? வாழைக்கும் ஏலக்காய்க்கும் தூத்துக்குடிதான் சரியான வழி. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பூவும் காயும் நேரத்தோடு போட்டி போடுபவை. காலையில் பறித்த மல்லிகை மாலையில் விரியும். தேனியில் இருந்து மதுரைக்கு உள்ள 75 கிலோமீட்டரும் தூத்துக்குடிக்கு உள்ள 200 கிலோமீட்டரும் அதற்கு ஒன்றல்ல. மேலும் விமானச் சரக்கு பயணிகளைப் பின்தொடர்ந்து வருவது. வெளிநாடு போகும் பயணிகள் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றிலும் இருக்கும் ஊர் மதுரை. தூத்துக்குடியில் நீண்ட பாதை இருக்கிறது. அதை நிரப்பும் கூட்டம் இனிமேல்தான் சேர வேண்டும்.

மிகக் கடினமான ஆட்சேபணை நிலம் பற்றியது. விரிவாக்கத்துக்காக எடுக்கப்படும் ஊர்களில் ஒன்றான சின்ன உடைப்பின் மக்கள், முதலில் மாற்று இடமும் வீடும், பிறகுதான் வெளியேற்றம் என்று 2024 நவம்பரில் போராடினார்கள். விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு எதிராகப் பரந்தூரில் ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுவதையும் நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது. தென்மாவட்ட வளர்ச்சி என்ற பெயரில் சில நூறு குடும்பங்களை ஓரங்கட்டிவிடலாம் என்று நினைப்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. விரிவாக்கத்தின் பயனில் பங்கு கேட்கும் தேனி விவசாயி, அந்த ஊர்க்காரருக்கு உரிய மீள்குடியேற்றத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். கணக்குப் பார்த்தாலும் அதுதான் சரி. தொடக்கத்திலேயே வீட்டுமனையும் வீடும் கொடுத்து முடித்திருந்தால் ஆகியிருக்கும் செலவு, பதினைந்து ஆண்டுத் தாமதத்தில் ஏறிய நிலவிலை, கட்டுமான விலை, வழக்குச் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் சிறியதாகவே இருந்திருக்கும். நான் கேட்பவற்றில் பாதிக்கு ஒரு சென்ட் புது நிலமும் தேவைப்படாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கம்பத்தில் ஒரு சிப்பக் கூடத்துக்கு ஓடுபாதை நீள வேண்டியதில்லை. அது இன்றைக்கே கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் உதவும். ஓடுபாதை தாமதமானாலும் வீணாகாத முதலீடு என்பதால்தான் அதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

ஏற்றுமதி வந்தால் லாபம் வியாபாரிக்கு, விவசாயிக்கு என்ன என்று கேட்பார்கள். இன்றைய நிலையில் அது உண்மை. வியாபாரி தோட்டத்துக்கே வருகிறார், பார்வையால் மதிப்பிட்டு விலை சொல்கிறார், அறுவடை நாளை அவரே குறிக்கிறார். மழை மேகம் தெரிந்தால் விலை இறங்கும். குளிரறை இல்லாத விவசாயி காத்திருக்க முடியாதவர், காத்திருக்க முடியாதவர் பேரம் பேசவும் முடியாதவர். நான்கு நாள் பழத்தைத் தாங்கும் அறை ஒன்று அவர் கையில் இருந்தால், வெளிநாட்டுக்கு ஒரு பெட்டி போகாவிட்டாலும் உள்ளூர்ப் பேரமே மாறும். ஆனால் அந்தக் கூடத்தை யார் நடத்துகிறார்கள் என்பது முக்கியம். மகாகிரேப்ஸை நடத்தியது கூட்டுறவு. இங்கேயும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கையில் கூடம் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் ஏற்றுமதியாளர் அதை வாங்கிவிடக் கூடாது. தமிழக அரசின் விநியோகத் தொடர் மேலாண்மைத் திட்டத்தில் தேனியும் ஒரு மாவட்டம்; முதன்மைப் பதப்படுத்தும் நிலையங்கள் என்ற எண்ணம் புதிதல்ல. கட்டடம் எழுப்பி நாடா வெட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள். மின் கட்டணம், இயக்க ஆள், நாள்தோறும் லோடு என்ற அடுத்த கேள்விகளில்தான் சறுக்குகிறோம். விமானச் சரக்குத் திட்டத்தோடு அந்த நிலையங்களை இணைத்தால் லோடுக்கு ஒரு காரணம் பிறக்கும்.

பயணிகள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் இல்லாமல் விமானம் இல்லை, விமானம் இல்லாமல் அதன் வயிற்றில் சரக்கும் இல்லை. கம்பத்தில் பேருந்து ஏறும் வளைகுடாத் தொழிலாளி ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி ஆரப்பாளையத்தில் இறங்குகிறார். விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே. பெட்டிகளோடு நகரத்தைக் குறுக்கே கடக்க ஆட்டோவுக்கோ டாக்சிக்கோ கொடுப்பது பேருந்துக் கட்டணத்தைவிடக் கூடுதல். மதுரை–போடி ரயில் பாதை அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் திறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. கம்பத்துக்கு ரயில் இன்னும் கனவுதான். கம்பத்தில் இருந்து சுற்றுச்சாலை வழியாக விமான நிலைய வாசலுக்கே போகும் அரசுப் பேருந்து ஒன்றை விமான நேரத்துக்கு ஏற்ப ஓட்ட எந்த நிலமும் கையகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் பயணிகள் கொச்சிக்கும் திருச்சிக்கும் சிதறாமல் மதுரையில் சேர்ந்தால், இங்கே பயணிகள் போதாது என்று விமான நிறுவனங்கள் சொல்லும் சாக்கும் குறையும்.

விமானத்தில் காய்கறி அனுப்புவது கரியமில வாயுவைக் கூட்டும் என்ற எதிர்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. கப்பலோடு ஒப்பிட்டால் விமானம் பலமடங்கு எரிபொருள் தின்கிறது. எல்லாவற்றையும் பறக்கவிடக் கூடாது என்று நான் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எப்படியும் பறக்கப்போகிற பயணிகள் விமானத்தின் காலி அறையில் பூவும் முருங்கையும் ஏறுவது வேறு, வாழைக்காகத் தனிச் சரக்கு விமானம் கேட்பது வேறு.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கம்பத்திலும் சின்னமனூரிலும் உழவர் நிறுவனங்கள் நடத்தும் முன்குளிர்விப்பு, சிப்பக் கூடங்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையும் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்த்துக்கொண்டு, ஏற்றுமதிக்கு ஏற்கப்படும் மருந்து எச்சச் சோதனைக் கூடம். வாரத்தில் குறித்த நாட்களில் கூடத்துக்கே வந்து தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தரும் அலுவலர். பெட்டி அங்கேயே முத்திரையிடப்பட்டுக் குளிர்வண்டியில் மதுரை வந்தால், விமான நிலையத்தில் வேண்டியது ஸ்கேன் செய்யும் எந்திரமும் விமானம் வரும்வரை தாங்கும் குளிரறையும் மட்டுமே. இதற்கிடையில் வெளிநாட்டு நிறுவனங்கள் இறங்க மதுரைக்கு அனுமதி வாங்க வேண்டும். ஓடுபாதை நீளும்போது, அதில் இறங்கும் பெரிய விமானத்துக்கு ஏற்றத் தயாராகச் சரக்கு இருக்கும். இன்று பேசப்படுவது தலைகீழ் வரிசை: முதலில் ஓடுபாதை, பிறகு முனையம், சரக்குக்கு மீதி இருந்தால் இடம், தோட்டத்துக்கு வேறு துறை, வேறு கோப்பு.

இந்த வரிசையை மாற்றச் சென்னையும் டெல்லியும் தாமாக முன்வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. கண்மாய் ஆக்கிரமிப்பு, உரத் தட்டுப்பாடு, காட்டுப்பன்றி என்று அங்கே எழும் கேள்விகளோடு இதையும் எழுத்தில் கொடுங்கள்: மதுரை விமான நிலைய விரிவாக்கத் திட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் சரக்குக்கு என்ன இடம், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு பணம்? பதில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் அதே மனுவைக் கொடுங்கள். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.